ராணுவ வீரருக்கு நீச்சல் குளத்தில் சலுகை: லீவில் வந்தால் கிடைக்குமா?

நைனார்பாளையம்,

அமெரிக்காவில் பல நகரங்களின் பொது நீச்சல் குளங்களில், பணியில் உள்ள ராணுவ வீரர்கள் அடையாள அட்டையை காட்டினால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. சின்னசேலம் தாலுகா நைனார்பாளையம் பக்கம் இப்படி ஒரு சலுகை வந்தால் யாருக்கு லாபம்?

சிக்கல் ‘பணியில்’ என்ற ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. இதற்கு டோல்கேட்டே சாட்சி. 1901-ம் ஆண்டு இந்திய சுங்க (ராணுவம், விமானப்படை) சட்டப்படி கட்டண விலக்கு டியூட்டியில் செல்பவருக்குத்தான். லீவில் சொந்த காரில் ஊருக்கு வரும் ஜவான், சேலம்-உளுந்தூர்பேட்டை சாலையில் எல்லோரையும் போல பணம் கட்டித்தான் ஆக வேண்டும். கார்டை நீட்டினாலும் பலிக்காது.

நீச்சல் குளத்துக்கும் அதே விதியை வைத்தால் சலுகை போர்டில் மட்டும்தான் இருக்கும். எல்லையில் நிற்பவர் ஊர் குளத்துக்கு எப்படி வருவார்? வருவதே லீவில்தான். கிராமத்தில் பிள்ளைகளை இடுப்பில் கயிறு கட்டி கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்குவது அப்பாதான். ராணுவ வீரருக்கு அதற்கு கிடைப்பது 60 நாள் ஆண்டு விடுப்பும், கொஞ்சம் தற்செயல் விடுப்பும்தான்.

எனவே, “லீவில் இருந்தாலும், குடும்பத்துடன்” என்று விதியில் ஒரு வரி சேர்த்தால்தான் அது நிஜமான சலுகை.