நம்பரை அடிக்கலாமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நமக்கெல்லாம் ஹாஸ்டல் சுவரில் ஒட்டின போஸ்டர்தான். ஆனாலும் ஆட்டோமொபைல் படிக்கிற நாம் போஸ்டரைப் பார்த்தே வருடம் சொல்லலாம். அமெரிக்காவின் செவர்லே கார்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின் கண்ணாடி நடுவில் பட்டை ஓடி இரண்டாகப் பிரிந்திருந்தால் 1963 கூப்பே. அடுத்த வருடமே ஒரே கண்ணாடியாக்கிவிட்டார்கள். முன் ஃபெண்டரில் மூன்று செங்குத்துப் பிளவுகள் என்றால் 1965 அல்லது 1966. ஐந்து என்றால் 1967.

பானெட்டைத் திறந்த பிறகுதான் கஷ்டம். எஞ்சின் பிளாக்கின் வார்ப்பிலேயே தேதி இருக்கும். "எச் 12 6" என்றால் எட்டாவது மாதம், 12ஆம் தேதி, 1966. "1967 காரில் 1966 பிளாக்கா? டூப்ளிகேட்!" என்று குதிக்கக்கூடாது. 1967 மாடல் தயாரிப்பு 1966 இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. வார்ப்புத் தேதி கார் செய்த தேதிக்கு முந்தி இருக்கணும். பிந்தி இருந்தால்தான் சந்தேகம்.

வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மேடை. காரின் சீரியல் நம்பரை அங்கே பஞ்ச் செய்திருப்பார்கள். அந்த மேடையும் ஹெட் உட்காரும் தளமும் ஒரே மட்டம். ரிப்பேருக்காகத் தளத்தை மில்லிங் செய்தால் நம்பரும் போய்விடும், தொழிற்சாலையில் புரோச்சிங் செய்த மெல்லிய கோடுகளும் போய்விடும். நம்பர் பொருந்தும் காருக்கு விலை அதிகம் என்பதால், வேறு பிளாக்கை வாங்கி, மேடையைச் சீவி, போலிக் கோடு இழுத்து, நம்பரை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை தெரிந்தவன்தான் இதைச் செய்யமுடியும். அதாவது நம்மைப் போன்றவன்!

"காஸ்டிங் அதே, போர் அதே, வண்டி ஓடுது, அப்புறம் என்ன?" என்று என் ரூம்மேட் கேட்கிறான். ஓடும்தான். மாற்று பிளாக் போடுவது தப்பே இல்லை. மாற்றினதும் அந்தக் காரின் சரித்திரம்தானே? அதைச் சொல்லி விற்கலாம். பொய்த் தேதி போட்ட ஒரிஜினலைவிட, உண்மையைச் சொன்ன மாற்று பிளாக் மேல் என்பது என் கட்சி.

எனக்கு இதைச் சொல்ல என்ன யோக்கியதை? முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப்பில் என் ஜாப் சைஸ் குறைந்துபோச்சு. சீனியர் செய்த ஜாப்பில் இருந்த நம்பரை ராவிவிட்டு என் நம்பரை அடித்துக் கொடுத்தேன். சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நம்பரைச் சுற்றி மட்டும் அரக்கோடு குறுக்கே ஓடியது. "இந்த இடத்துல மட்டும் ஃபைலிங் நல்லா வருதேப்பா" என்றார். அவ்வளவுதான். மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி செய்தேன்.

நம் லேபில் இனி எந்த பிளாக்கை ஃபேஸ் செய்தாலும், முதலில் நம்பர் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்து ரெக்கார்டில் ஒட்ட வேண்டும் என்று எச்.ஓ.டி.யிடம் கேட்கப்போகிறேன். யூனியன் நண்பர்களும் கூட வந்தால் தேவலை.