பங்குக் கிணறும் மென்பொருட் சட்டகமும்

விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் தாம் கற்ற காலத்து ஆசிரியப் பெருந்தகைகளையும் விளையாட்டுக் களத்து வெற்றிகளையும் நினைவுகூருவது வழக்கம். அப்பணியை எம்மினும் மூத்தோர் செவ்வனே ஆற்றியிருப்பர் என்னும் நம்பிக்கையால், நாம் எமது தொழில் பற்றிய கருத்தொன்றையே இங்கு எழுதத் துணிந்தோம். கல்லூரிக்கு வருந்தோறும் உயர்தர வகுப்பு மாணவர் எம்மிடம் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு. "சேர், எந்த பிரேம்வேர்க்கைப் படித்தால் வேலை கிடைக்கும்?" என்பதே அது. இவ்வினாவுக்கு ஒரு பெயரை விடையாகக் கூறுவது எளிது. ஆயின், அப்பெயர் அவர்கள் பல்கலைக்கழகத்தை விட்டு வெளிவருமுன்னரே பழையதாகிவிடக் கூடும். ஆதலின் வினாவையே சிறிது ஆராய விரும்புகின்றோம்.

பிரேம்வேர்க் என்பதைத் தமிழிற் சட்டகம் என்பர். மென்பொருள் எழுதுவோர் பிறர் ஆக்கியவற்றை இருவகையாகப் பயன்படுத்துவர். ஒன்று நிரல் நூலகம். நாட்கணக்குப் பார்க்கவோ படமொன்றைச் சுருக்கவோ வேண்டியபோது நமது நிரல் அதனை அழைக்கும். வேலை முடிந்ததும் விட்டுவிடும். மற்றையது சட்டகம். அங்கே முறை தலைகீழானது. சட்டகமே முன்னின்று ஓடும். நாம் எழுதிய பகுதிகளைத் தனக்கு வேண்டிய வேளையில் அது அழைக்கும். நூலகமொன்றை மாற்றுவது தச்சனைக் கொண்டு கதவொன்றை மாற்றுவது போன்றது. சட்டகத்தை மாற்றுவதோ வீட்டில் இருந்துகொண்டே அத்திவாரத்தைப் பெயர்ப்பது போன்றது.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் நாமே எழுதிக்கொள்ளலாமே எனச் சிலர் வாதிப்பர். அது நமக்கு உடன்பாடன்று. கடவுச்சொல்லைக் காப்பதிலும், தரவுத்தளத்துக்குள் வஞ்சகக் கட்டளை புகாமற் தடுப்பதிலும் தனியொருவர் செய்யும் பிழைகளைப் பலர் கூடி ஆண்டாண்டாகத் திருத்திய பயனே ஒரு நல்ல சட்டகம். ஜாங்கோ என்னும் சட்டகம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்திலே தோன்றியது. நாள்தோறும் காலக்கெடுவுக்குள் வலைத்தளப் பக்கங்களை ஆக்கவேண்டிய நெருக்கடியே அதனை ஈன்றது. 2005ஆம் ஆண்டு அது பொதுவுக்கு வழங்கப்பட்டது. தேவையிற் பிறந்து பலர் கையிற் பண்பட்ட அத்தகைய பொருளை ஒதுக்கிவிட்டு அனைத்தையும் தனியே செய்ய முனைவது வீறாப்பேயன்றி அறிவுடைமையாகாது.

சார்ந்திருத்தல் குற்றமன்று, எதனைச் சார்ந்திருக்கிறோம் என்பதை அறியாதிருத்தலே குற்றம். யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருப்பதை நம்மவர் அறிவர். தனிக்கிணறு வெட்ட இயலாதோர் பலர் ஒரு கிணற்றைப் பங்காகக் கொண்டு முறைவைத்து இறைத்தனர். காணி வாங்குவோர் மண்ணை மட்டும் பார்ப்பதில்லை. கிணறு கோடையில் வற்றுமா, பங்காளிகள் யாவர், தூர்வாரும்போது யார் வருவர், வாய்க்கால் எவர் காணியூடாக வருகிறது என்பனவற்றையும் விசாரித்த பின்னரே முற்பணம் கொடுப்பர். அந்த விசாரணையைத்தான் இற்றைய மென்பொருளாளர் செய்யத் தவறுகின்றனர்.

கூகிள் நிறுவனம் 2010இல் வெளியிட்ட அங்குலர்ஜேஎஸ் என்னும் சட்டகத்தை உலகெங்கும் பலர் விரும்பி ஏற்றனர். 2016இல் வந்த இரண்டாம் பதிப்பு முற்றும் புதிதாக எழுதப்பட்டதாகையால், பழையதிற் கட்டியவற்றை அப்படியே அதற்கு மாற்ற இயலவில்லை. பழைய பதிப்புக்கான ஆதரவு 2021ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. ஆக்கியோர் பெருநிறுவனத்தினர் என்பது நிலைபேற்றுக்கு உறுதியாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

நாமும் இவ்வகையிற் பட்டறிந்தவரே. நிறுவனமொன்றுக்குச் சிறுகடன் கணக்கு மென்பொருள் ஆக்கியபோது, அக்காலத்தே புகழ்பெற்றிருந்த ஒரு சட்டகத்தைத் தேர்ந்தோம். ஏன் தேர்ந்தோம் என எவரேனும் வினவியிருப்பின், எல்லோரும் அதனையே பயன்படுத்துகின்றனர் என்பதன்றி வேறு விடை எம்மிடம் இருந்திராது. அதனினும் பெரும்பிழை, வட்டி கணிக்கும் விதிகளைச் சட்டகத்தின் உறுப்புகளோடு பின்னி எழுதியதாகும். சட்டகம் கைவிடப்பட்ட பின்னர்த் திரைகளை மீள எழுதியதிலும் அவ்விதிகளைப் பிரித்தெடுத்ததே நெடுங்காலம் பிடித்தது. புதிய முறையிற் கணித்த வட்டி சில கணக்குகளிற் பழையதோடு ஒத்துவரவில்லை. தையல் இயந்திரத்துக்கும் வலைக்கும் கடன் பெற்ற ஏழை மக்கள் துண்டுகளைக் கையிற் பிடித்தபடி விளக்கம் கேட்டு வரிசையில் நின்றனர். சட்டகம் என்னும் சொல்லையே அவர்கள் கேட்டறியார். எமது கவனக்குறைவின் விலையை அவர்கள் செலுத்தினர்.

ஒரு சட்டகத்தை ஏற்பது அதன் பின்னால் வரும் நூற்றுக்கணக்கான சிறு பொதிகளையும் ஏற்பதாகும். 2016 மார்ச்சு மாதத்தில், சொல்லொன்றின் இடப்புறத்தை நிரப்பும் லெப்ட்-பாட் என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிக்கொண்டார். அதனை நேரே அறியாத எத்தனையோ மென்பொருள்களின் ஆக்கம் அன்று தடைப்பட்டது. ஏற்ற பின்னர்ப் பேணாது விடுதல் இன்னும் கொடிது. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் சட்டகத்தில் ஓட்டையொன்று கண்டறியப்பட்டுத் திருத்தமும் வழங்கப்பட்டது. ஈக்குவிபாக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் அதனை உரிய காலத்திற் பொருத்தவில்லை. ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விபரங்கள் களவுபோயின. பூட்டு இலவசமாகக் கிடைத்தும் மாட்டாது விட்ட வீட்டின் கதை இது.

ஆகவே, சட்டகமொன்றைத் தேர்வோர் ஐந்து வினாக்களைக் கேட்க வேண்டுமென்பது எமது கருத்து. அதனைப் பேணுவோர் ஒருவரா, பலரா? பழைய பதிப்புகளை எத்துணைக் காலம் பேணுவதாக வாக்களித்துள்ளனர்? (ஜாங்கோவின் நீண்டகாலப் பதிப்புகளுக்குக் குறைந்தது 3 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் உண்டு.) அதன் அடியில் வேறு எவை உள்ளன? நமக்குப் பின் வருபவர் அதனைக் கற்க இயலுமா? நாளை வெளியேற வேண்டின் நமது தொழிலின் விதிகளைச் சேதமின்றி எடுத்துச் செல்ல இயலுமா? இவற்றுள் இறுதி வினாவே தலையாயது என்போம். வட்டிவிதி வங்கியுடையது, மருந்தளவு விதி மருத்துவமனையுடையது. அவற்றைச் சட்டகத்துக்குப் புறம்பாக, தனியே சோதிக்கத்தக்கவாறு எழுதிவைத்தல் வேண்டும்.

இறைப்பவனுக்குத் தூர்வாரும் கடனும் உண்டு. 2021 திசம்பரில் லொக்-ஃபோர்-ஜே என்னும் நிரலிற் பேரோட்டை வெளிப்பட்டபோது உலகின் பெருநிறுவனங்கள் கலங்கின. அதனைத் திருத்த அல்லும் பகலும் உழைத்தோர் ஊதியம் பெறாத தொண்டர் சிலரே. இறைத்தவர் பலராக, தூர்வாரியவர் சிலராக இருந்தமை அன்று வெட்டவெளிச்சமாயிற்று. இக்கடனை நம் நாட்டவர் அறியாதவரல்லர். 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, இலங்கை மென்பொருளாளர் தன்னார்வமாகக் கூடிக் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்யச் சகானா என்னும் மென்பொருளை ஆக்கினர். அதனைத் திறந்த மூலமாக உலகுக்கு வழங்கினர். 2010இல் எயிற்றி நாட்டு நிலநடுக்கத்தின்போதும் அது உதவியது. பின்னர் அதன் ஒரு வடிவம் வெப்-டூ-பை என்னும் சட்டகத்தின்மீது எழுதப்பட்டது. அச்சட்டகத்தின் ஆசிரியரே பிற்காலத்தில் அதற்கு வாரிசாக வேறொன்றை ஆக்கினார். நற்பணிக்கென ஆக்கியதும் இந்நியதிக்கு விலக்கன்று. அப்பாச்சி அக்சிஸ்-டூ என்னும் சட்டகத்தை ஆக்கியோருள்ளும் இலங்கையர் பலர். நாம் இறைப்போர் மாத்திரமல்லேம், கிணறு வெட்டியோரும் ஆவோம்.

மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். ஒரு சட்டகத்தைக் கற்பீராக. அது முதல் வேலைக்கு வழிகாட்டும். ஆனால் அதன் அடியில் உள்ளதையும் கற்பீராக. எட்கார் கொட் 1970இல் வகுத்த உறவுநிலைத் தரவுக் கோட்பாடு இன்றும் உலகின் கணக்கேடுகளைத் தாங்குகின்றது. 1990களில் அமைந்த வலைநெறிமுறை இன்றும் ஒவ்வொரு பக்கத்தையும் சுமந்து வருகின்றது. இவற்றை அறிந்தவனுக்குப் புதிய சட்டகம் சில வாரப் பயிற்சி. அறியாதவனுக்கு ஒவ்வொரு மாற்றமும் வேலையிழப்பு. பழைய மாணவராகிய எம் தோழர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: வேலைக்கு ஆளெடுக்கும்போது, எந்தச் சட்டகம் தெரியும் என வினவுவதோடு நில்லாது, அது பழுதுற்றால் என்செய்வாய் எனவும் வினவுவீராக. அவ்வினா வழக்கமாகுமாயின், நம் கல்லூரிப் பிள்ளைகளும் அதற்கேற்பவே கற்பர்.

வாழ்க நம் கல்லூரி!