கட்டைவிரல் தீர்ப்பு

கார்க் கடன் கேட்டு வங்கிக்கு வருவோரில் பலர், விலைப்பட்டியலை மேசைமீது வைத்ததும், தாம் ஏன் அந்தக் காரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் சொல்லத் தொடங்குவார்கள். நாங்கள் கேட்பதில்லை, ஆயினும் சொல்வார்கள். எஞ்சினைப் பற்றியோ பிரேக்கைப் பற்றியோ பேசுவோர் குறைவு. "உள்ளே உட்கார்ந்து பார்த்தேன், வெளிநாட்டுக் கார் மாதிரியே இருக்கிறது" என்பதே அடிக்கடி காதில் விழும் வாக்கியம். எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறீர்கள் என்று வினவினால், டாஷ்போர்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததாகவும், அது மெத்தென்று அமிழ்ந்ததாகவும் விடை வரும்.

ஒரு காரின் உட்புறத் தரத்தை அளக்க இந்தச் சோதனை போதாது என்பது என் கருத்து. கையால் தொட்டு உணரும் மென்மைக்குக் கூடுதலாகப் பணம் தரும் நாம், கண்ணால் படித்தறிய வேண்டிய மானிகளையும் எச்சரிக்கை விளக்குகளையும் பொருட்படுத்துவதில்லை. அந்தக் கவனக்குறைவின் விலையைத் தவணையில் செலுத்துகிறோம். சில வேளைகளில் சாலையிலும் செலுத்த நேரிடுகிறது.

'வெளிநாட்டுக் கார்' என்ற சொல்மீது நமக்குள்ள மயக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி 1950களின் பிற்பகுதியில் வந்த அம்பாசடர், 2014 வரை உற்பத்தியில் இருந்தது. இத்தாலியின் ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினி அதற்கு முதன்மைப் போட்டியாக விளங்கியது. தேர்ந்தெடுக்க வேறு கார்கள் அதிகம் இல்லாத காலம் அது. கதவை ஓங்கிச் சாத்த வேண்டியிருந்ததையும், எரிபொருள் முள் ஆடிக்கொண்டே இருந்ததையும் யாரும் பெருங்குறையாகக் கருதவில்லை. 1983 டிசம்பரில் சுசுகியின் வடிவமைப்பில் மாருதி 800 வந்தபோதும், 1991க்குப் பின் உலக நிறுவனங்கள் ஒவ்வொன்றாக நுழைந்தபோதும், நாம் ஒப்பிடக் கற்றுக்கொண்டோம். உள்நாட்டுக் கார் என்றால் கடினமான பிளாஸ்டிக், இறக்குமதி என்றால் மென்மை என்ற எண்ணம் அப்போதுதான் மனத்தில் பதிந்தது.

இன்று அந்த எல்லைக்கோடே மங்கிவிட்டது. பி.எம்.டபிள்யூ கார்கள் 2007 முதல் சென்னைக்கு அருகே பூட்டப்படுகின்றன. மெர்சிடஸ் கார்கள் புனேக்கு அருகிலுள்ள சாக்கனில் உருவாகின்றன. மறுபுறம், ஹரியானாவில் தயாரான மாருதியின் பலேனோ 2016இல் ஜப்பானுக்கே ஏற்றுமதி ஆயிற்று. வாகன மானிகளைச் செய்யும் பிரிக்கால் நிறுவனம் கோயம்புத்தூரில் 1975 முதல் இயங்கி வருகிறது. எது உள்நாடு, எது வெளிநாடு என்பதை முகப்பிலுள்ள சின்னத்தை வைத்துச் சொல்ல இயலாது.

முழுமையாகப் பூட்டிய நிலையில் கப்பலில் வரும் காரின் விலையும் தரத்துக்கு நம்பகமான அளவுகோல் ஆகாது. 40,000 டாலருக்குக் குறைந்த மதிப்புள்ள அத்தகைய கார்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படைச் சுங்க வரியை 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 60 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடாக உயர்த்தியது. பிரித்த பாகங்களாக வந்து இங்கே பூட்டப்படும் கார்களுக்கு அப்போதிருந்த வரி 15 விழுக்காடு மட்டுமே. ஆகவே, ஒரே தரமுள்ள இரண்டு கார்களின் விலை பெரிதும் வேறுபட வரியே காரணமாக இருக்கலாம். அந்த வேறுபாடு இருக்கையின் தையலுக்காகத் தந்தது என்று எண்ணி மகிழ்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

தரத்தில் வேறுபாடே இல்லை என்று நான் வாதிடவில்லை. உயர்விலைக் கார்களில் பலகைகளுக்கு இடையேயுள்ள இடைவெளி சீராக இருக்கும். பொத்தான்கள் ஒரே அழுத்தத்தில் இயங்கும். மேடுபள்ளங்களில் கிறீச்சொலி எழாது. குறிப்பாக, கண் படாத இடங்களிலும் அதே நேர்த்தி தொடரும். நடுத்தர விலைக் கார்களில் கண்ணெதிரே உள்ள பகுதி மட்டும் மென்மையாக இருக்க, முழங்காலுக்குக் கீழேயும் இருக்கைக்கு அடியிலும் சொரசொரப்பான விளிம்புகள் தென்படும். தரத்தை அறிய விரும்புவோர் டாஷ்போர்டின் மேற்பரப்பை விட்டுவிட்டு, இருக்கையை நகர்த்தும் தண்டவாளத்தையும் டிக்கியின் உட்புறத்தையும் தொட்டுப் பார்ப்பது நல்லது.

மென்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. சில கார்களின் பொத்தான்கள்மீதும் கைப்பிடிகள்மீதும் பூசப்படும் ரப்பர் போன்ற மேற்பூச்சு, வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சில ஆண்டுகளில் சிதைந்து பிசுபிசுப்பாகி விடுவதுண்டு. கடினமான பாலிபுரோப்பிலீன் பலகை அழகில் குறைந்ததாயினும், மே மாத வெயிலில் நின்று உழைப்பது அதுவே. மும்பையின் ஈரக் காற்றிலும் நாகபுரியின் அனலிலும் நிற்கப்போகும் காரைக் குளிரூட்டிய ஷோரூமில் வைத்து மதிப்பிடுவது முறையன்று.

இனி, நாம் பார்க்கத் தவறும் மானிகளுக்கு வருவோம்.

வேகமானி எந்த நாட்டுக் காரிலும் உண்மை வேகத்தை அப்படியே காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் விதி எண் 39இன்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரை கூட்டிக் காட்டலாம். அதாவது, கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது மானி 114 வரை காட்டினாலும் விதிமீறல் இல்லை. இந்தியாவுக்குள் இறக்குமதியாகும் புதிய காருக்கு ஸ்டீயரிங் வலப்புறம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்குகள் இடப்புறப் போக்குவரத்துக்கு ஏற்றவாறு அமைய வேண்டும் என்பன நம் அரசின் நிபந்தனைகள். 2019 ஜூலை முதல் தயாராகும் கார்கள், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலியெழுப்ப வேண்டும். இந்தக் காப்புகள் மலிவான காருக்கும் ஆடம்பரக் காருக்கும் ஒன்றே.

வெப்பமானியின் கதை வேறு. பல புதிய கார்களில் அந்த முள்ளே இல்லை. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கும், மிகச் சூடேறினால் சிவப்பு விளக்கும் எரியும், அவ்வளவுதான். முள் உள்ள கார்களிலும், வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்குமாறு அமைப்பது வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளர் அஞ்சக் கூடாது என்பது நோக்கமாக இருக்கலாம். ஆனால் சிவப்பு விளக்கு எரியும்போது எஞ்சின் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கும். பளபளக்கும் 10 அங்குலத் திரையில் பாட்டுப் பட்டியல் தெரிவதை வியக்கும் நாம், குளிர்நீரின் வெப்பநிலையை அதில் எண்ணாகக் காண முடியுமா என்று கேட்பதில்லை.

தொடுதிரை மோகமும் மறுபரிசீலனைக்கு உரியது. ஏ.சி.யின் காற்றைக் கூட்டவே கண்ணைச் சாலையிலிருந்து அகற்ற வேண்டிய நிலை, விலையுயர்ந்த கார்களில்தான் முதலில் தோன்றியது. ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப், திசை விளக்கு, அபாய விளக்கு, ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான்களோ நெம்புகோல்களோ இருப்பதை 2026 முதல் தன் மதிப்பீட்டில் கணக்கில் கொள்கிறது. நம்மில் பலர் பழமையானது என்று ஒதுக்கும் திருகுப் பொத்தானை அங்கே மீண்டும் மதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டுப் பெயர்கொண்ட ஒரு காரை இரண்டாம் கையாக வாங்கினேன். கட்டைவிரல் தீர்ப்புக்கு நானும் விலக்கல்லன். ஒரு மழைக்காலக் காலையில் மானித் திரை முழுவதும் இருண்டது. வேகம், எரிபொருள், கடந்த தூரம் எதுவும் தெரியவில்லை. பழுதுபார்க்க இயலாது, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும் என்றார்கள்; அதன் விலை என் மூன்று மாதத் தவணையை விஞ்சியது; பாகம் வந்துசேர ஒன்றரை மாதம் ஆயிற்று. என் தந்தையாரின் பழைய காரில் வேகமானிக் கேபிள் அறுந்தபோது, தெருமுனை மெக்கானிக் மாலைக்குள் மாற்றித் தந்தது அப்போது நினைவுக்கு வந்தது. பழைய காலம் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. வாங்குவதற்கு முன் அந்தத் தொகுதியின் விலையைக் கேட்காதது என் பிழை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரே காரின் உயர்வகைக்கு 1,50,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 9 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுக் கடனாக அதைப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 2,413 ரூபாய் கூடும். முடிவில் செலுத்தியிருக்கும் தொகை 2,02,000 ரூபாயைத் தாண்டும். காப்பீட்டுக் கணக்கிலோ, 6 மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் காரின் மதிப்பில் 15 விழுக்காடு கழியும். நான்காண்டைக் கடந்து ஐந்தாம் ஆண்டு முடியும் வரை 50 விழுக்காடு கழியும். மென்மையான டாஷ்போர்டுக்கு இந்தக் கழிவிலிருந்து விதிவிலக்கு இல்லை.

அந்தக் கூடுதல் தொகை பாதுகாப்புக்காகச் செலவானால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மேற்கூரைக் கண்ணாடிக்கும் இருக்கைத் தோலுக்கும் பணம் ஒதுக்கிவிட்டு, கூடுதல் ஏர்பேக் உள்ள வகையைத் தவிர்த்த விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். பின்னிருக்கையில் பிள்ளைகள் அமரப்போகும் கார்கள் அவை. 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் திட்டம், பெரியவர் பாதுகாப்புக்கும் குழந்தை பாதுகாப்புக்கும் தனித்தனியே நட்சத்திரம் வழங்குகிறது. நாம் தேர்ந்தெடுத்த கார் அதில் மதிப்பிடப்பட்டதா என்று பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை.

ஆகவே, அடுத்த முறை கார் பார்க்கச் செல்லும் வாடிக்கையாளருக்கு என் வேண்டுகோள் இது. நண்பகல் வெயிலில் காரை வெளியே நிறுத்தச் சொல்லி உள்ளே அமருங்கள். மானியின் எண்கள் கண் கூசாமல் தெரிகின்றனவா என்று பாருங்கள். வெப்பமானி உண்டா, பின்னிருக்கைப் பட்டைக்கு எச்சரிக்கை உண்டா என்று கேளுங்கள். மானித் தொகுதியின் விலையை எழுதி வாங்குங்கள். பழைய கார் என்றால், தூரமானியின் எண்ணைப் பராமரிப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் நோக்குங்கள். திரையில் தெரியும் எண்ணை மாற்றுவோர் உண்டு, தேய்ந்த ரப்பரை மாற்ற மறப்போரும் உண்டு. இவற்றுக்குப் பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதில் தவறில்லை. விலைப்பட்டியலோடு எங்களிடம் வரும்போது, இந்த விடைகளையும் கொண்டுவந்தால் நாங்கள் மகிழ்வோம்.