மார்பகப் புற்றுநோய்: பழி வேண்டாம், பரிசோதனை வேண்டும்

பெங்களூர்ப் பெண்களைப் பற்றும் புற்றுநோய்களில் முற்காலத்தில் கருப்பைக் கழுத்துப் புற்றே முதலிடம் பெற்றிருந்தது. இன்று அவ்விடத்தை மார்பகப் புற்று கொண்டுவிட்டது. ஓசூர் சாலைப் பக்கமுள்ள கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை 1982 முதல் நடத்திவரும் நோயாளர் பதிவேடு இதனைத் தெரிவிக்கிறது. நமது ஜோகுபாளையத்துக் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

இந்நோய்க்கு ஒற்றைக் காரணம் இல்லை. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோன் மார்பக அணுக்களை வளரத் தூண்டுகிறது. இளவயதில் பூப்படைதலும், மாதவிலக்கு தாமதமாக நிற்றலும் அத்தூண்டுதலை நீட்டிக்கின்றன. முப்பதுக்குப் பின் முதற்பேறு, பிள்ளைப்பேறின்மை ஆகியவற்றாலும் அபாயம் சற்றே மிகும். தாய்ப்பால் ஊட்டுதல் அதனைக் குறைக்கும். 30 நாடுகளின் 47 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2002-இல் வெளியான அறிக்கை, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்திற்கும் அபாயம் நூற்றுக்கு நான்கு பங்கு குறைவதாகக் கூறிற்று. மாதவிலக்கு நின்றபின் உடல் பருத்தல், உடலுழைப்பின்மை, மது ஆகியன அபாயத்தைக் கூட்டுவன.

நம் பாட்டிமார் வடார்க்காட்டிலும் சேலத்திலும் பல பிள்ளைகளைப் பெற்று, நீண்ட நாள் பாலூட்டி, நாள் முழுதும் உழைத்தனர். நகர வாழ்வு அம்முறையை மாற்றிவிட்டது. அதற்காகப் பெண்கள் படிப்பையும் வேலையையும் விட்டுவிட வேண்டியதில்லை. இயன்றவரை பாலூட்டுதல், தினமும் நடத்தல், உடல் எடையைக் காத்தல் ஆகியவை போதும்.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். "பிள்ளை பெறாததால் வந்தது", "பால் கொடுக்காததால் வந்தது" என்று நோயுற்றவளைத் தூற்றுதல் தகாது. பல பிள்ளைகளுக்குப் பாலூட்டியவர்க்கும் இந்நோய் வருகிறது. முதுமையாலும் குடும்ப மரபாலும் வருகிறது. பழிச்சொல்லுக்கு அஞ்சும் பெண் கட்டியை மறைக்கிறாள். தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆதலால் மாதங்கள் கழிகின்றன. நோயும் முற்றுகிறது.

பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-இல் தொடங்கிய ஆராய்ச்சி ஈண்டு நினைக்கத்தக்கது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்தனர். அவ்வாறு சோதிக்கப்பட்டவருள் ஐம்பது வயதைக் கடந்தோரிடையே, இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது பங்கு குறைந்தது.

சகோதரிகளே! மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சகோதரர்களே! வீட்டுப் பெண்கள் கூசாது சொல்லுமாறு நடந்துகொள்ளுங்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அதற்காக எடுக்கும் ஒரு நாள் விடுப்பு வீண்போகாது.