கடலுக்குள் ஒரு கேள்விக்குறி

செங்கல்பட்டு - பீச் எலெக்ட்ரிக் டிரெயினில், சிங்கப்பெருமாள் கோயிலில் ஆரம்பித்து தாம்பரம் வருவதற்குள் தீர்க்க முடியாத பிரச்னை உலகத்தில் கிடையாது. பட்ஜெட், கிரிக்கெட் டீம், மேனேஜரின் குணக்கேடு எல்லாம் அதற்குள் பைசலாகிவிடும். சமீபத்தில் ஒரு ஜன்னலோர சீஸன் டிக்கெட்காரர் எடுத்துவிட்ட சமாச்சாரம்: "மகாபலிபுரத்துக்கு நேரா கடலுக்குள்ள ஒரு எரிமலை இருக்காம்யா. கவர்மென்ட் மறைக்குது."

எதிர் சீட் இளைஞர் பதறவில்லை. "வெடிச்சா லீவு விடுவாங்களா ஸார்?"

சிரித்துவிட்டு வண்டலூரில் இறங்கிவிடலாம்தான். ஆனால் அவர் சொன்னதில் பாதி ரீல், பாதி நிஜம்.

நிஜம் என்னவென்றால், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் உலகத்து எரிமலைகளுக்கெல்லாம் ஜாதகம் எழுதி வைத்திருக்கிறது. அதில் இந்தியாவின் கணக்கில் அந்தமான் பக்கத்து பாரன் தீவு உண்டு, நார்கொண்டாம் உண்டு. கூடவே பெயர்கூட வைக்காத ஒரு கடலடி எரிமலையும் இடம்பிடித்திருந்தது. புதுச்சேரிக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில், 1757ல் வெடித்ததாக ஒரு பழைய தகவல். சந்தேகம் என்ற முத்திரையோடு. மாமல்லபுரத்திலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். கல்பாக்கத்திலிருந்தும் அப்படியே. அங்கே அணுமின் நிலையம் இருப்பதால் இந்த ஒற்றை வரியை வைத்து 'பாதுகாப்புக் கணக்கில் இதைச் சேர்த்தீர்களா?' என்று கேள்வி எழுந்தது. கேட்டது நியாயம்தான்.

எரிமலை ஆபத்தைக் கணக்கிடுகிறவர்கள் மலையைப் பார்த்து ஆரூடம் சொல்வதில்லை. சுற்றுவட்டாரத்தில் குழி தோண்டுகிறார்கள். பழைய சாம்பல் அடுக்கு எத்தனை, எவ்வளவு கனம், என்ன வயசு, எந்தப் பள்ளத்தாக்கு வழியாக எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கிறார்கள். போன தடவை போன வழியில்தான் பெரும்பாலும் அடுத்த தடவையும் போகும். அதை வைத்து மேப்பில் வண்ணம் தீட்டுகிறார்கள். சினிமாவில் மிரட்டுகிற நெருப்புக் குழம்பு நிஜத்தில் பெரும்பாலும் மெதுவாகத்தான் வரும், நடந்தே தப்பிக்கலாம். ஆளைக் கொல்வது மலைச்சரிவில் காரைவிட வேகமாகப் பாய்கிற கொதிக்கும் சாம்பலும், ஆற்றோடு இறங்குகிற சேறும்தான்.

கடலுக்கடியில் அப்படிச் சுலபமாகக் குழி தோண்ட முடியாது. கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, தரையின் மேடு பள்ளத்தை வரைய வேண்டும். காந்தப்புலத்தை அளந்து, பாறைத் துண்டை அள்ளி வந்து சோதிக்க வேண்டும். அந்தமான் கடலில் கோவாவின் தேசிய கடலாய்வு நிறுவனத்தார் இப்படித்தான் கடலடி எரிமலைகளைக் கண்டுபிடித்தார்கள்.

அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவைச் சுமக்கிற தட்டு அங்கேதான் இன்னொரு தட்டுக்கு அடியில் செருகுகிறது. நம் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். இந்தப் பக்கம் கிழவனான, அமைதியான ஓரம். செங்கல்பட்டுக் குன்றுகளின் பாறைக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். ஆகவே 1757 எரிமலை அநேகமாக இல்லை என்பது என் கட்சி. ஆனால் அணு உலைக்குப் பக்கத்தில் 'அநேகமாக' என்ற வார்த்தை போதாது ஸார். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் பூமி குலுங்கி, சென்னையில் பலர் லுங்கியோடு தெருவுக்கு ஓடிவந்தார்களே. அது எரிமலை இல்லை, பூகம்பம். ஆனால் அமைதியான ஓரமும் தூக்கத்தில் புரண்டு படுக்கும் என்று அன்று தெரிந்தது.

நமக்கு நிஜமான ஆபத்து தூரத்திலிருந்து தண்ணீராக வருவது. 1883ல் இந்தோனேஷியாவில் கிரகடோவா வெடித்தபோது மெட்ராஸிலும் நாகப்பட்டினத்திலும் அலை அளக்கும் கருவிகள் அதைப் பதிவு செய்தன. 2004 டிசம்பர் 26ஐச் சொல்லவே வேண்டாம். காலை 6.28க்கு சுமத்ரா அருகே பூகம்பம். நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதிகாரப்பூர்வமாக ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போனார்கள். மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி, பாறைகள் தலைகாட்ட, ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கல்பாக்கத்தில் பம்ப் ஹவுஸில் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். ஊழியர் குடியிருப்பில் உயிர்ச்சேதத்தைத் தடுக்க முடியவில்லை.

அதற்கப்புறம் சாளுவன்குப்பத்தில் தோண்டியபோது ஒரு பழைய செங்கல் முருகன் கோயில் கிடைத்தது. அதன் மண் அடுக்குகளில் பழைய பேரலைகளின் தடயம் இருப்பதாகத் தொல்லியல்காரர்கள் சொல்கிறார்கள். எரிமலைக்காரர்கள் சாம்பலில் படிப்பதை இவர்கள் மணலிலும் கிளிஞ்சலிலும் படிக்கிறார்கள்.

2007ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தாயிற்று. பூகம்பம் நடந்தால் சில நிமிஷங்களில் சொல்லிவிடுவார்கள். எரிமலைதான் தகராறு. 2018 டிசம்பர் 22 இரவு, கிரகடோவாவின் 'குழந்தை' எரிமலையில் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. பெரிய பூகம்பம் இல்லாததால் மணியே அடிக்கவில்லை. 400க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

சரி, மேப் போட்டால் தப்பித்துவிடலாமா? கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலைக்கு 1985 அக்டோபரில் மேப் போட்டார்கள். ஆர்மெரோ என்கிற ஊர் சேற்றின் பாதையில் இருப்பதாக அதில் தெளிவாகக் காட்டியிருந்தது. ஊரே 1845ல் வந்த சேற்றின் மேல் கட்டியதுதான். அதிகாரிகளுக்கு மேப் மேல் சந்தேகம், ஊரைக் காலி செய்தால் ஆகும் செலவு மேல் கவலை. நவம்பர் 13 ராத்திரி சேறு வந்தது. 23,000 பேருக்கு மேல். மேப்பில் காட்டிய வழியாகவே வந்தது.

ஆறு வருஷம் கழித்து பிலிப்பைன்ஸில் பினாடுபோ. அங்கே அவசரமாக மேப் போட்டார்கள். எரிமலை என்ன செய்யும் என்று அதிகாரிகளுக்கு வீடியோ போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஜனங்களை அப்புறப்படுத்தினார்கள், பல ஆயிரம் உயிர் தப்பியது.

நம் கரைக்கும் அலை எதுவரை ஏறும் என்று மேப் போட்டிருக்கிறார்கள். ஈ.சி.ஆரில் மனை வாங்குகிறவர் பட்டா பார்க்கிறார், வில்லங்கம் பார்க்கிறார், வாஸ்துவுக்கு ஆள் கூட்டிவந்து ஈசான மூலை பார்க்கிறார். "இந்த இடம் கடல் மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேல?" என்று புரோக்கரிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

"கவலையே வேணாம் ஸார், வாசல்லேர்ந்தே அலை தெரியும்" என்பார்.