இதயம் தேறியது, சிறுநீரகம்?



நம் குடும்பங்களில் எவருக்கேனும் இதய அறுவை நடந்தால், "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?" என்று உற்றார் உறவினர் அனைவரும் கேட்கின்றனர். "சிறுநீரகம் எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர் அரிது. அந்தக் கேள்வியையும் நாம் கேட்டே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. அறுவையின்போது குருதி அழுத்தம் தாழ்வதாலும், இதயத்தின் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொள்வதாலும் சிறுநீரகம் திடீரெனப் பாதிப்படையக்கூடும். ஆஞ்சியோகிராம் எடுக்கச் செலுத்தப்படும் சாயமும் சிலருக்கு ஊறு செய்வதுண்டு. இதய அறுவை செய்துகொண்டோரில் ஐவரில் ஒருவருக்கேனும் இப்பாதிப்பு ஏற்படுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. குருதியில் உள்ள கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 26.5 மைக்ரோமோல் அளவுக்கு உயர்ந்தாலே அது பாதிப்பின் அறிகுறி என்கிறது 2012-இல் வெளிவந்த அனைத்துலக வழிகாட்டி.

பலருக்கு இந்த அளவு சில நாள்களில் இறங்கிவிடுகிறது. "குணமாகிவிட்டது" என்று மகிழ்ந்து வீடு திரும்புகிறோம். நாம் ஏமாறும் இடம் இதுதான்!

அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நெஞ்சறுவைக்குப் பின் வீடு திரும்பிய ஏறக்குறைய 3,000 பேரைப் பற்றிய ஆய்வை 2009-இல் வெளியிட்டனர். பத்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர், சிறுநீரகம் பாதிக்கப்படாதவர்களில் 63 விழுக்காடு; பாதிக்கப்பட்டவர்களில் 44 விழுக்காடு மட்டுமே. சிறுநீரகம் முழுமையாகத் தேறியதாகக் கருதப்பட்டவர்களுக்கும் இறப்பு அபாயம் கூடுதலாகவே இருந்தது. நாள்பட்ட சிறுநீரக நோய், அதன் முற்றிய நிலையில் டயாலிசிஸ், மீண்டும் இதயக் கோளாறு எனத் தொல்லைகள் பின்னாளில் வரலாம்.

"முதுமையும் நீரிழிவும்தானே இதற்குக் காரணம்?" என்று சிலர் வினவலாம். அவற்றையும் கணக்கில் கொண்ட பிறகே அந்த ஆய்வு இம்முடிவைக் கூறியது. ஒருவேளை சிறுநீரகப் பாதிப்பு வெறும் எச்சரிக்கை மணிதான் என்றே வைத்துக்கொள்வோம். மணி அடித்தபின் காதைப் பொத்திக்கொள்வது அறிவுடைமையா? நீரிழிவு மலிந்த நம் மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஆகவே குடும்பத்தார் செய்ய வேண்டியவை:

1. வீடு திரும்பும் நாளில், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த கிரியேட்டினின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பாதிப்பு இருந்திருந்தால், மூன்று மாதத்தில் குருதியையும் சிறுநீரையும் மறுபடியும் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த வழிகாட்டியும் மூன்று மாத மறுமதிப்பீட்டையே பரிந்துரைக்கிறது.

3. மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ண விடாதீர்கள். நாட்டு மருந்தாயினும் மருத்துவரைக் கேட்ட பின்பே கொடுங்கள்.

4. மருத்துவர் தந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவும் வேண்டா.

மருத்துவமனை தரும் தாள் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். தமிழ் மட்டுமே அறிந்த பாட்டிக்கு அதைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்குச் 'சிறுநீரகம்', 'கிரியேட்டினின்' என்னும் சொற்களின் பொருள் தெரிந்திருக்க வேண்டாமா? நலக்கல்விப் பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

பிறவி இதயக் குறைபாட்டுக்காக அறுவை செய்துகொண்ட மாணவர்களும் நம் வகுப்பறைகளில் உண்டு. இப்பாதிப்பு குழந்தைகளையும் விட்டுவைப்பதில்லை. அவர்களுடைய மறுசோதனை நாளைப் பள்ளி விடுப்புக்கு அஞ்சிப் பெற்றோர் தள்ளிப்போட வேண்டா. ஆசிரியர்களும் அதற்கு மனமுவந்து இடம் கொடுக்க வேண்டும்.

சிறுநீரகம் வலித்து அழும் உறுப்பன்று. பெரும்பாலும் ஓசையின்றியே நலியும். அதற்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

நலம் பேணுவோம்.