பல்லக்கிலிருந்து துணைவேந்தர் நாற்காலி வரை



அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பேராசிரியை நயீமா காத்தூன் அவர்கள் 2024 ஏப்ரல் 22 அன்று நியமிக்கப்பட்டார். பல்கலைக்கழகத்தின் 'பார்வையாளர்' என்னும் பொறுப்பை வகிக்கும் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர்கள் ஐந்தாண்டுக் காலத்திற்கு இந்நியமனத்தைச் செய்தார். 1920-ல் பல்கலைக்கழகம் உருவான நாள் தொட்டு அந்நாற்காலியில் அமர்ந்த முதல் பெண்மணி இவரே.

செய்தி வந்த வேளையில் பலரும் மகிழ்ந்தனர், சிலர் வியந்தனர். உண்மையில் வியப்பிற்குரியது வேறொன்று. அப்பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராக 1920-ல் அமர்ந்தவரே ஒரு பெண்மணிதான். போபால் சமஸ்தானத்தை ஆண்ட சுல்தான் ஜஹான் பேகம் அவர்களே அவ்வம்மையார். வேந்தர் பதவி பெருமைக்குரியது. அன்றாட நிர்வாகமோ துணைவேந்தரின் கையில் இருப்பது. முதலாவதைத் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணுக்கு வழங்கிய நிறுவனம், இரண்டாவதை வழங்க 104 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட அந்நெடிய காலத்தில் நிகழ்ந்தவற்றை நம் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நன்று.

சர் ஸய்யித் அஹ்மத் கான் 1875-ல் அலீகரில் தொடங்கிய பள்ளியே பின்னர் கல்லூரியாகவும் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. சமுதாயத்தின் அறியாமையைப் போக்கத் தம் வாழ்வையே ஈந்த அப்பெருமகனார், பெண் கல்வியைப் பொறுத்தவரை ஆண்கள் முதலில் கற்கட்டும், பெண்களின் கல்வி அதனைத் தொடர்ந்து தானே வரும் என்னும் கருத்துடையவராயிருந்தார். 1882-ல் கல்விக் குழுவின் முன்னும் இவ்வாறே சாட்சியமளித்தார். பெரியோரின் தொண்டைப் போற்றுவது நம் கடமை. அவர்கள் விட்டுச் சென்ற பணியை நிறைவு செய்வதும் கடமையே.

அப்பணியைத் தோளில் ஏற்றவர் அலீகரில் வழக்கறிஞராயிருந்த ஷேக் அப்துல்லாஹ். அவருக்குத் துணை நின்றவர் அவர்தம் துணைவியார் வஹீத் ஜஹான் பேகம். 1904-ல் ஷேக் அப்துல்லாஹ் பெண் கல்விக்கென்றே உருதுவில் ஒரு மாத இதழைத் தொடங்கினார். அதன் பெயர் 'காத்தூன்'. கண்ணியத்திற்குரிய பெண்மணி என்பது அச்சொல்லின் பொருள். அவ்விதழ் பிறந்து 120 ஆண்டுகள் கழித்து அதே சொல்லைத் தம் பெயரில் தாங்கிய ஒருவர் அலீகரின் துணைவேந்தரானார்.

1906-ல் அவ்விருவரும் சின்னஞ்சிறு பெண்கள் பள்ளியொன்றை அலீகர் நகரில் தொடங்கினர். எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை; கற்றறிந்த நம்மவரிடமிருந்தும் வந்தது. "எங்கள் பெண்மக்கள் எவ்வாறு வீதியில் நடந்து வருவர்?" என்பதே பெற்றோரின் முதற்கேள்வி. அதற்கு ஷேக் அப்துல்லாஹ் என்ன செய்தார் என்பதைச் சற்றே நின்று கவனிக்க வேண்டும். அவர் அப்பெற்றோரைப் பழமைவாதிகள் என்று இகழவில்லை. அச்சம் நீங்கும்வரை காத்திருப்போம் என்று பள்ளியை மூடவுமில்லை. திரையிட்ட பல்லக்குகளை ஏற்பாடு செய்தார். சிறுமியர் அவற்றில் ஏறிப் பள்ளிக்கு வந்து, திருக்குர்ஆனும் உருதுவும் கணக்கும் தையலும் பயின்றனர்.

அடுத்த அச்சம் தொலைவு பற்றியது. வெளியூர்ப் பெண்கள் எங்குத் தங்குவர்? 1914-ல் பெண்கள் விடுதி எழுந்தது. போபால் பேகம் அவர்களே வந்து அதனைத் திறந்து வைத்தார். அங்குத் தங்கிய பிள்ளைகளை வஹீத் ஜஹான் பேகம் தாயின் இடத்திலிருந்து பேணினார். பெற்றோரின் தயக்கம் கரைந்தது. 1937-ல் அப்பள்ளி பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. அதுவே இன்றைய அலீகர் மகளிர் கல்லூரி.

நயீமா காத்தூன் அக்கல்லூரியின் முதல்வராக 2014-ல் பொறுப்பேற்றவர். ஒடிசாவில் பள்ளிப் படிப்பை முடித்த அவர், அலீகரிலேயே உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, 1988-ல் விரிவுரையாளராகவும் 2006-ல் பேராசிரியராகவும் உயர்ந்தார். விரிவுரையாளர் பணியிலிருந்து துணைவேந்தர் பதவிக்கு வர அவருக்கு 36 ஆண்டுகள் பிடித்தன.

அவர் முதல்வரான அதே 2014-ல் நிகழ்ந்த மற்றொன்றும் நினைவிற்குரியது. பல்கலைக்கழகத்தின் மௌலானா ஆசாத் நூலகம் புகழ்பெற்றது. 1960-ல் ஜவஹர்லால் நேரு அவர்கள் அதன் கட்டடத்தைத் திறந்து வைத்தார். அந்நூலகத்திற்குள் மகளிர் கல்லூரியின் இளநிலை மாணவியர் செல்ல இயலாத நிலை அவ்வாண்டிலும் நீடித்தது. இடநெருக்கடி ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பெண்கள் வந்தால் ஆண்கள் கூட்டம் பெருகும் என்பதும் சொல்லப்பட்டது. அலகாபாத் உயர்நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அக்கதவு திறந்தது. 1906-ல் எழுந்த கேள்விக்குப் பல்லக்கு விடையாயிற்று. 2014-ல் எழுந்ததற்கு நீதிமன்றம் விடை கூற வேண்டியிருந்தது. இவ்விரண்டில் எது நமக்குப் பெருமை தருவது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

புதிய துணைவேந்தரின் வருகை அமைதியான காலத்தில் நிகழவில்லை. தேர்வுப் பட்டியல் தயாரான வேளையில் தற்காலிகத் துணைவேந்தராயிருந்தவர் அவருடைய கணவர். ஆதலால் தேர்வு முறை குறித்து வழக்குத் தொடரப்பட்டது. 2025-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் பொறுப்பேற்று ஏழு மாதங்கள் நிறைவதற்குள், 2024 நவம்பர் 8 அன்று, உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நால்வருக்கு மூவர் என்னும் பெரும்பான்மையில் ஒரு தீர்ப்பளித்தது. சட்டத்தால் உருவாக்கப்பட்ட நிறுவனம் என்பதாலேயே அது சிறுபான்மையினரால் நிறுவப்பட்டதாகாது என்ற 1967-ஆம் ஆண்டின் நிலைப்பாட்டை அத்தீர்ப்பு நீக்கியது. அலீகர் சிறுபான்மை நிறுவனமா என்பதை முடிவு செய்யும் பொறுப்பை வேறோர் அமர்வுக்கு விட்டது. 2025 ஆகஸ்டிலோ கட்டண உயர்வை எதிர்த்து மாணவ, மாணவியர் வளாகத்திலேயே போராடினர்.

இவற்றுள் நீதிமன்ற வழக்குகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கட்டணத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆயினும் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் மகனும் மகளும் ஒருசேரக் கல்லூரி செல்லும் வயதை அடையும்போது, கட்டணம் உயர்ந்தால் யாருடைய படிப்பு முதலில் நிறுத்தப்படுகிறது? விடை நாம் அனைவரும் அறிந்ததே. முதல் பெண் துணைவேந்தரின் ஆட்சியை வரலாறு எடைபோடும்போது, அவர் நாற்காலியில் அமர்ந்ததைக் காட்டிலும், அவர் காலத்தில் எத்தனை ஏழைப் பெண்மக்கள் வகுப்பறையில் அமர்ந்தனர் என்பதையே கணக்கிடும். அவ்வாறே கணக்கிடவும் வேண்டும்.

அக்கணக்கு நம்மையும் விடாது. கல்வி தேடுவது கடமை என்று மீலாது மேடைதோறும் முழங்குகிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவாற்றலை எடுத்துரைத்துப் பெருமிதம் கொள்கிறோம். மேடையிலிருந்து இறங்கி இல்லம் திரும்பியதும், பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மகள் விண்ணப்பப் படிவத்தை நீட்டினால், "பேருந்து சரியில்லை, விடுதி எப்படியோ, துணைக்கு யார் வருவார்?" என்கிறோம். இவ்வச்சங்கள் பொய்யல்ல, பெற்ற வயிற்றின் அச்சங்கள். அவற்றை ஏளனம் செய்வோர் பெண் கல்விக்கு நன்மை செய்பவரல்லர். ஆனால் அச்சத்தைச் சொல்லிப் படிவத்தை மடித்து வைப்பதும் விடையாகாது.

இன்றைய பல்லக்கு எது என்று ஒவ்வொரு ஊர் ஜமாஅத்தும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓர் ஊருக்கு அது கல்லூரி நேரத்தில் ஓடும் ஒரு வேனாக இருக்கலாம். மற்றோர் ஊருக்கு நம்பிக்கையான பெண்மணியொருவர் பொறுப்பிலுள்ள விடுதியாக இருக்கலாம். பல குடும்பங்களுக்கு அது முதலாண்டுக் கட்டணமே. திருமணத்திற்கென விருந்தில் செலவாகும் தொகையில் ஒரு பகுதி இதற்குப் போதுமானது.

இவ்வாண்டு தேர்வு முடிவுகள் வெளியாகும்போது, உங்கள் தெருவில் படிப்பை நிறுத்தவிருக்கும் ஒரு பிள்ளையின் வீட்டிற்குச் சென்று, தடை எதுவெனக் கேளுங்கள். தடை தெரிந்தால் வழியும் தெரியும், இன்ஷா அல்லாஹ்.